வாசல் வரை வரும் சக்கரம்



சேலம், நாமக்கல் சமவெளியில் மிதிவண்டியை அறியாத வீடு இல்லை. வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் காவலாக நிற்க, இடையே காவிரிக் கரை வரை பரந்து கிடக்கும் இந்நிலத்தில் பால்காரரின் விடியற்காலை மணியோசை முதல், மேல்நிலைப் பள்ளி மாணவியரின் மாலைநேரச் சிரிப்பொலி வரை அனைத்தும் இரண்டு சக்கரங்களின் மீதே நகர்ந்து வந்திருக்கின்றன. பாவு நூலைச் சுமந்து சென்ற நெசவாளியும், முட்டை அடுக்கிய தட்டுகளைக் கட்டிச் சென்ற வியாபாரியும், கிளைக் கிராமத்துக்குச் செபம் நடத்தச் சென்ற உபதேசியாரும் இதனையே நம்பி வாழ்ந்தனர். நாம் அன்போடு ‘சைக்கிள்’ என்றழைக்கும் இவ்வெளிய ஊர்தி, புற்றுநோய் என்னும் கொடிய பகைவனை எதிர்க்கும் படைக்கருவியாகவும் உலகின் பல பாகங்களில் பயன்பட்டு வருகின்றது. அவ்வரலாற்றைச் சற்று அறிந்து, நம் சமவெளிக்கு அதனால் ஏதேனும் பயன் உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முப்பத்தாறு பேர் தொடங்கிய பயணம்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய தாயார் 1974-ல் தோல் புற்றுநோயால் இறந்துபோனார். தாயை இழந்த துயரத்தைத் தமக்குள்ளேயே அடைத்து வைக்காமல், 1980-ல் தம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அவர் ஒரு நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தை ஏற்பாடு செய்தார். மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் புறப்பட்டு, கிழக்கே கடல் முனையிலுள்ள பிராவின்ஸ்டவுன் வரை இரண்டு நாள் பயணம். சென்றவர்கள் 36 பேர். திரட்டிய தொகை 10,200 டாலர். பாஸ்டன் நகரிலுள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு அது வழங்கப்பட்டது.

இத்துடன் முடிந்திருந்தால் நாம் அதனை நினைவுகூர வேண்டியதில்லை. ஆண்டு தவறாமல் அப்பயணம் தொடர்ந்தது. பத்துப் பேர் நூறாயினர். நூறு பேர் ஆயிரமாயினர். 2024-ஆம் ஆண்டில் அப்பயணத்தினால் திரண்ட மொத்த நிதி நூறு கோடி டாலரைத் தாண்டியது. மிதிவண்டி மிதிப்பவர் தம் உறவினரிடமும் நண்பரிடமும் பெற்றுவரும் நன்கொடை ஒரு காசு குறையாமல் மருத்துவ நிலையத்துக்கே செல்ல வேண்டும், பயணத்தின் செலவை வேறு வழிகளில் ஈடுகட்ட வேண்டும் என்று அவர்கள் விதி வகுத்துக்கொண்டனர். பிறர் தந்த பொருளுக்குக் கணக்குக் காட்டும் இந்த நேர்மைதான் அம்மரத்தின் ஆணிவேர் என்பது என் எண்ணம். திருவிழா வரவுசெலவை ஆலய வாசலில் எழுதி ஒட்டும் வழக்கமுடைய நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

நோயாளியே மிதித்த மிதிவண்டி

நலமுள்ளவர் நோயாளிக்காக மிதித்த கதை இது. நோயாளியே மிதித்த கதை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த ஜேன் டாம்லின்சன் என்ற பெண்மணி மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுக்கும் பணியில் இருந்தவர்; மூன்று பிள்ளைகளின் தாய். 1990-ல், தமது 26-ஆம் வயதில், அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. சிகிச்சை பெற்றுத் தேறினார். ஆயினும் 2000-ஆம் ஆண்டில் நோய் எலும்புகளில் பரவிவிட்டது என்றும், இனிக் குணமாக்க இயலாது என்றும், ஆறு மாத காலமே எஞ்சியுள்ளது என்றும் மருத்துவர்கள் கூறினர்.

அவர் ஓடத் தொடங்கினார், நீந்தத் தொடங்கினார், மிதிவண்டியில் ஏறினார். 2003-ல் தம் சகோதரருடன் இருவர் மிதிக்கும் வண்டியில் பிரிட்டன் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்றார். 2004-ல் ரோமாபுரியிலிருந்து தம் சொந்த ஊராகிய லீட்ஸ் வரை மிதித்தார். 2006-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, ஒன்பது வார காலம் மலையும் பாலையும் கடந்து, ஏறத்தாழ 6,750 கிலோமீட்டர் தூரம் மிதித்து நியூயார்க் நகரை அடைந்தார். அவர் எலும்புகளில் நோய் இருந்தது, இதயமும் பழுதுபட்டிருந்தது, வலி அவரை விட்டு ஒருநாளும் நீங்கியதில்லை. 2007 செப்டம்பர் 3-ஆம் நாள், தமது 43-ஆம் வயதில் அவர் மறைந்தபோது, அறப்பணிகளுக்காக 18 லட்சத்து 50 ஆயிரம் பவுன் திரட்டியிருந்தார்.

இக்கதையைப் படித்துவிட்டு, “மனவுறுதி இருந்தால் புற்றுநோயை வென்றுவிடலாம்” என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. ஜேன் நோயை வெல்லவில்லை, நோயினால் இறந்தார். மனவுறுதி குறைந்ததனால்தான் நம் வீட்டார் இறந்தனர் என்று எண்ணுவது, மாண்டவருக்கும் மீண்டவருக்கும் நாம் இழைக்கும் அநீதியாகும். அவர் செய்தது வேறு. புற்றுநோயாளி என்றால் இருட்டறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருப்பவர் என்று உலகம் வரைந்து வைத்திருந்த சித்திரத்தை அவர் அழித்தார். நடுவீதியில், பட்டப்பகலில், “எனக்கு இந்நோய் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே சென்றார். அவ்வாறு சொல்லும் துணிவே நம் நாட்டில் பல உயிர்களைக் காக்க வல்லது.

தமிழ் மண்ணில் ஒரு நடைப்பயணம்

மேலை நாட்டாரின் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்காக அண்டைத் தீவின் செய்தி ஒன்றைக் கூறுகிறேன். இலங்கையின் வடபகுதித் தமிழர் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் கொழும்பை அடுத்த மகரகமவுக்கு நாட்டின் பாதிக்கு மேற்பட்ட தூரம் பயணம் செய்ய வேண்டியிருந்த காலம் அது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 2011 ஜூலை மாதத்தில் நாதன் சிவகணநாதன் என்ற தமிழரும், சரிந்த உனம்புவே என்ற சிங்களவரும் இணைந்து, தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை 27 நாள்கள், 670 கிலோமீட்டர் தூரம் நடந்தனர். வழிநெடுக ஆயிரமாயிரம் மக்கள் உடன் நடந்தனர். திரண்ட நிதியைக் கொண்டு யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்து, 2013-ல் திறக்கப்பட்டது. 2016-ல் மீண்டும் ஒரு நடை. இம்முறை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, காலி நகரின் கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. வடக்கின் நோயாளிக்காகத் தெற்கும், தெற்கின் நோயாளிக்காக வடக்கும் நடந்தன. காலால் நடந்தாலென்ன, சக்கரத்தால் உருண்டாலென்ன? ஊர் ஊராகச் சென்று, முகம் முகமாகப் பார்த்து, கை நீட்டிக் கேட்பதுதான் இவற்றின் உயிர்நிலை.

நம் தமிழகத்திலும் பெருந்துயர் ஒன்றிலிருந்தே பெருநிறுவனம் பிறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அத்துயரை முப்பது ஆண்டுகள் நெஞ்சில் சுமந்து, வீடு வீடாக நிதி திரட்டும் முயற்சிகளுக்குப் பின், 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் அவர் புற்றுநோய் நிலையத்தைத் திறந்துவைத்தார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் அங்கு பணியேற்று 2021-ல் மறையும் வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டிருந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனை ஆலமரமாக வளர்த்தனர்.

வராமற்போனவர் எத்தனை பேர்?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர் ஏறத்தாழ 14 லட்சம் பேர். அதனால் இறந்தவர் 9 லட்சத்துக்கு மேற்பட்டோர். கருப்பை வாய்ப் புற்றுநோயால் மட்டும் ஓராண்டில் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் மாண்டனர். அந்நோயோ, முற்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்டுபிடித்துத் தடுக்கக்கூடிய ஒன்று! ஒருவகை வைரஸ் கிருமியே அதற்குக் காரணம் என்று நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கிருமியைத் தடுக்கும் ஊசிமருந்தை 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியருக்குப் போடுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது.

நமக்கு அருகிலுள்ள திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. 2000-ஆம் ஆண்டு முதல் 2003 வரை அங்குள்ள கிராமங்களில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்தனர். பெரிய கருவிகள் ஏதுமில்லை. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது சமையலில் சேர்க்கும் வினிகரைப் போன்ற ஒன்றைத் தடவி, வெண்மை நிறம் தோன்றுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே அச்சோதனை. ஒரே ஒருமுறை இவ்வாறு சோதித்ததனால், சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் அந்நோயின் மரணம், அழைக்கப்படாத ஊர்களை ஒப்பிட 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-ல் வெளியான அறிக்கை கூறிற்று.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்து சோதித்துக்கொண்டவர் 31,343 பேர். எஞ்சிய ஏறத்தாழ 18 ஆயிரம் பேர் வரவில்லை. சோதனை இலவசம், செவிலியர் பெண்கள், இடமும் தொலைவில் இல்லை. ஆயினும் மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை. என் உள்ளத்தை உறுத்துவது இந்த எண்ணிக்கைதான்.

அவர்கள் ஏன் வரவில்லை? காரணங்களை அறிய நாம் திண்டுக்கல்லுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர்த் திண்ணையிலேயே அவை உட்கார்ந்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில், நோயில் பூசுதல் அளிப்பதற்காக ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டேன். ஐம்பது வயது நிரம்பாத தாய். மார்பில் கட்டி தோன்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்றாம், கணவருக்கும் சொல்லவில்லை. “ஏனம்மா மறைத்தீர்கள்?” என்று கேட்டேன். “வலிக்கல சாமி. வலிச்சிருந்தா போயிருப்பேன். தறி நின்னா அடுப்பு நிக்கும். அதோட பெரியவளுக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம். அம்மாவுக்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு கேப்பான்?” என்றார். சில வாக்கியங்களில் மூன்று காரணங்களை அவர் சொல்லிவிட்டார். மகளின் திருமணத்தை அவர் காணவில்லை.

அக்காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வலி இல்லாததனால் கட்டியை அலட்சியம் செய்வது முதல் தவறு. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுவே அதன் வஞ்சகம். ஒருநாள் கூலியை இழக்க அஞ்சுவது இரண்டாவது. அது தவறன்று, வறுமை. அதற்கு அத்தாயைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. நோயை வீட்டுக்கு வந்த பழியாகக் கருதுவது மூன்றாவது. புற்றுநோய் தொற்றுநோயன்று, ஒரே தட்டில் உண்பதால் வராது, சிலவகை மட்டுமே ஓரளவு குடும்ப வழியில் தொடர்கின்றன. இதனை அறிந்தும், பெண் பார்க்கச் செல்லுமிடத்தில் “அவர்கள் வீட்டில் அந்த நோய்” என்று தாழ்ந்த குரலில் சொல்லுகிறவர்கள் நம்மில் இல்லையா? அந்தத் தாழ்ந்த குரல்தான் அத்தாயின் வாயை அடைத்தது.

ஆடவரின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. நாமக்கல் பகுதி லாரித் தொழிலுக்குப் பேர் பெற்றது. இரவெல்லாம் விழித்து வண்டியோட்டும் சகோதரர்கள் தூக்கத்தை விரட்டப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குகின்றனர். வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்ப்பதும் நம்மிடம் உண்டு. புகையிலை கலவாவிடினும் பாக்கே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. வாயில் வெண்திட்டோ செந்திட்டோ தோன்றினால், புண் மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், வாயைத் திறக்க முடியாமல் இறுகினால், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதியில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வாயைத் திறந்து பார்த்ததனாலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்தது என 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது.

நம் சமவெளியில் ஒரு பயணம்

இங்கேதான் மிதிவண்டி நினைவுக்கு வருகின்றது. “ஒரே மாதிரிச் சட்டை அணிந்து, கொடி பிடித்து, படம் எடுத்துக்கொண்டு சுற்றுவதால் எந்த நோயாளி பிழைத்தான்? அச்சட்டைக்குச் செலவிடும் பணத்தை ஒரு நோயாளியிடம் கொடுத்தால் ஆகாதா?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. பரிசோதனை நடக்கும் வாசலில் சென்று முடியாத மிதிவண்டிப் பயணம் வெறும் ஊர்வலமே ஆகும். புழுதி அடங்குவதற்குள் செய்தியும் அடங்கிவிடும்.

ஆகவே அதனைப் பயனுள்ளதாக்கும் வழியை எண்ணுவோம். நம் மாநிலத்தில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்யப்படுகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அடையாறு நிலையமும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு நடத்தும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. வசதி இருக்கிறது, போகிற கால்கள்தாம் குறைவு.

சேலத்தில் புறப்பட்டு, மல்லூர், இராசிபுரம், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் சேர்வது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்செங்கோடு, பின்பு சங்ககிரி, மீண்டும் சேலம். மார்கழி, தை மாதத்துக் குளிர்ந்த காலைகளில், மூன்று நாளில் நிதானமாகச் சுற்றிவிடலாம். நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டியிடாமல், இயன்றவரை கிராமச் சாலைகளில் செல்வதே அறிவுடைமை. அங்கேதான் நாம் சந்திக்க வேண்டியவர்களும் இருக்கின்றனர்.

பயணத்துக்கு முந்தைய வாரமே அவ்வூர்ச் சுகாதார நிலையத்துச் செவிலியரோடு பேசி, பரிசோதனை நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் நின்று, நீண்ட சொற்பொழிவு ஆற்றாமல், “வருகிற வியாழக்கிழமை, இன்ன இடம், இன்ன நேரம்” என்று மட்டும் சொல்ல வேண்டும். மிதித்து வருபவர்களில், நோய் கண்டு தேறிய பெண் ஒருவராவது இருந்தால், ஆயிரம் துண்டறிக்கைகளைவிட அவர் முகம் அதிகம் பேசும். பெண்கள் மிதிக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றுக்கொண்டு எழுத்தறிவையும் துணிவையும் ஒருங்கே பரப்பியதைத் தமிழகம் கண்டிருக்கிறது. திரட்டும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்றும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பரிசோதனைக்கு வரும் தறித் தொழிலாளியின் ஒருநாள் கூலியை ஈடுசெய்யலாம். சென்னைக்குச் சிகிச்சைக்குச் செல்பவருக்கும் துணைக்குச் செல்பவருக்கும் வழிச்செலவு தரலாம். அடுப்பு நிற்குமே என்று அஞ்சுகின்ற தாய்க்கு அறிவுரையைவிட அதுவே உதவும்.

குடும்பத் தலைவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மிதிவண்டி ஏற இயலாதவர்களும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்றிரவு உணவருந்தும் வேளையில் உங்கள் மனைவியிடமோ தாயிடமோ, “நீ பரிசோதனை செய்துகொண்டாயா? நாளை நான் உடன் வருகிறேன்” என்று கேளுங்கள். மருமகள் மாமியாரைக் கேட்கட்டும். மகன் தந்தையின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லட்டும். பெண் பார்க்கும் இடத்தில் நோயைப் பற்றிய தாழ்ந்த குரல் எழுமானால், அதனைத் தடுத்துப் பேச ஒருவர் முன்வரட்டும்.

திண்டுக்கல்லில் அன்று வராதிருந்த பதினெட்டாயிரம் பேரைப் போன்றவர்கள் நம் தெருவிலும் இருக்கின்றனர். தறிச் சத்தத்துக்கு நடுவே, கோழிப்பண்ணையின் வாசலில், குச்சிக்கிழங்குக் காட்டின் வரப்பில் அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றனர். தாமாக அவர்கள் வரமாட்டார்கள். வாசல் வரை சென்று அழைக்க வேண்டும். தை பிறக்கட்டும், மிதிவண்டிக்குக் காற்றடித்து வையுங்கள்.